சென்னை-டெல்லி காலை விமானம்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. டெல்லி கரோல்பாக்கில் ஒரு வியாபாரிக்கு சாம்பிள் காட்டப் போக வேண்டியிருந்தது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன்னே சென்ட்ரலில் இறங்கி, டாக்சி பிடித்து மீனம்பாக்கம் போனேன். 9.40 விமானத்துக்கு 7.10க்கு மெசேஜ் வருகிறது: ரத்து. காரணம் 'ஆப்பரேஷனல்'. வேறு ஒரு வார்த்தை இல்லை.

கவுண்டரில் இருந்த பொண்ணு அத்தனை பேர் கத்தலையும் தனியாகத் தாங்கினாள். "அக்கா, நாளைக்கு சாயங்காலம்தான் சீட் இருக்கு. வேண்டாம்னா முழுப் பணமும் வந்துடும்" என்று உள்ளதைச் சொன்னாள். இரண்டு நட்சத்திரமும் அவளுக்குத்தான்.

சம்பளப் பேச்சு முறிந்து பைலட்டுகள் கூட்டமாக சிக் லீவ் போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவர் போனில் செய்தியைக் காட்டினார். "லட்சக்கணக்கில் வாங்கியும் பத்தலையா" என்று வரிசையில் ஒரு குரல். எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. எங்கள் பட்டறையில் கூலி கிலோ கணக்கு. பைலட்டுக்கோ சம்பளத்தில் ஒரு பங்கு பறக்கிற மணிக் கணக்கு. இத்தனை மணிக்குக் கட்டாயம் பணம் உண்டு என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கும். அந்த மணியைக் குறைத்தாலே வருமானம் இறங்கிவிடும். மாசம் இத்தனை கிலோ வேலை தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதியாக்கினால் என் ஆட்களும் பட்டறைப் படி ஏற மாட்டார்கள். 2011ல் ஏர் இந்தியா பைலட்டுகள் பத்து நாள் வேலைநிறுத்தம் செய்ததும் சம்பளத்துக்காகத்தான். 2007ல் ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற இரண்டு அரசு கம்பெனிகளை ஒன்றாக்கினார்கள், சம்பளத்தை ஒன்றாக்கவில்லை.

என் கோபமெல்லாம் நிர்வாகத்தின் மேல். பேச்சு முறிந்தது முந்தின வாரமே அவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் எனக்கு டிக்கெட் விற்றார்கள்.

முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை இழப்பீடு என்கிறது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி. அதே விதியில் வெள்ளம், கலவரத்தோடு வேலைநிறுத்தத்தையும் தொழிலாளர் தகராறையும் சேர்த்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வெள்ளத்தைக் கம்பெனியால் தடுக்க முடியாது. சம்பளப் பேச்சில் எதிரே உட்கார்ந்திருந்ததே கம்பெனிதானே?

டிக்கெட் பணம் ஒன்பதாம் நாள் வந்தது. கரோல்பாக் ஆர்டர் கை நழுவிவிட்டது. இழப்பீடு கேட்டதற்கு, தொழிலாளர் தகராறு என்பதால் கிடையாது என்று பதில். மெசேஜில் ஆப்பரேஷனல், இழப்பீடு என்றால் தகராறு. இரண்டில் எது உண்மை என்று திரும்ப மெயில் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.