இராகலையில் ஸ்டாட்டர் ஸ்பிரிங் சுற்றித் தரும் கடை: ஒரு வருடம் பாவித்த பிறகு எழுதுகிறேன்

கந்தப்பளைப் பக்கம் 60 பேர்ச் காணியில் மரக்கறி போடுகிறோம். லீக்ஸ், கரட், ஒரு பக்கம் உருளைக்கிழங்கு. தண்ணீர் கீழே ஓடையில்தான். அங்கே இரண்டு அங்குல பெற்றோல் பம்ப் ஒன்று வைத்திருக்கிறோம். ஹொண்டா ஜீஎக்ஸ் 160 மாதிரியில் செய்த சீன எஞ்சின். கணவருக்குக் கொழும்பில் வேலை. அதனால் கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டாட் பண்ணுவது நான்தான்.

ஜனவரி, பெப்ரவரியில் மழை விட்டு வானம் தெளிந்த இரவுகளில் எங்கள் பக்கம் உறைபனி விழும். விடியும்போது உருளைக்கிழங்கு இலை மேல் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறுவதற்கு முன்னால் தண்ணீர் அடித்து அதைக் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னேரத்துக்குள் இலை வெந்நீர் ஊற்றியது போல் கருகிப்போகும். போன வருடம் பெப்ரவரியில் அப்படி ஒரு காலை, ஐந்தரை மணிக்கு ஓடைக்கு இறங்கிக் கயிற்றை இழுத்தேன். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். இழுத்த கயிறு இழுத்தபடியே கையில் நின்றது. உள்ளே போகவே இல்லை. பக்கத்துக் காணி அண்ணன் தன் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மேல் பாத்திகளில் வெயில் விழுந்துவிட்டது. இரண்டு பாத்தி கிழங்கு போனது.

அதற்கு நான்கு மாதத்துக்கு முன்னால் இதே ஸ்டாட்டரில், அதாவது கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்டாட் பண்ணும் பகுதியில், கயிறு அறுந்து, டவுனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றியிருந்தேன். நீல நிறப் பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கொடுத்தார்கள். கையை விட்டதும் கைப்பிடி 'சடார்' என்று உள்ளே ஓடி மூடியில் அடித்தது. கயிற்றை உள்ளே இழுக்கும் ஸ்பிரிங் நல்ல பலமாக இருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். வியாதியே அதுதான் என்று அப்போது தெரியாது.

ஸ்பிரிங் உடைந்த பிறகு இரண்டு சாமான் கடைகளில் கேட்டேன். ஸ்பிரிங் மட்டும் தனியாக இல்லை, ஸ்டாட்டரை முழுதாக மாற்று என்றார்கள். ஒரு கடையில் 4,500 ரூபா. இன்னொரு கடையில் விலை குறைவு, ஆனால் போல்ட் ஓட்டை ஒத்துவரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டும் தம்பி ஒருவன்தான் சொன்னான்: "அக்கா, அத ஏன் வீசுறீங்க, இராகலைல ஒரு அண்ணே இருக்காரு, அவரு ஸ்பிரிங்க சுத்திக் குடுப்பாரு."

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பம்பைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. மூன்று போல்ட்டைக் கழற்றினால் ஸ்டாட்டர் மூடி தனியாக வந்துவிடும். அதை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனால் போதும். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. டவுனைத் தாண்டி உடப்புசல்லாவைக்குப் போகும் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தால், தகரக் கூரைக்குக் கீழே கம்பியில் பழைய ஸ்டாட்டர் மூடிகள் சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வரிசையாகத் தொங்கும். அதுதான் அடையாளம்.

அங்கே இருப்பவர் ஒருவர்தான். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூடியைக் கையில் வாங்கியதும் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. முதலில் கயிற்றைத்தான் பார்த்தார், விரலில் உருட்டி. அப்புறம் கயிறு வெளியே வரும் துவாரத்தைத் தடவிப் பார்த்தார்.

"தங்கச்சி, பம்ப் எங்க வச்சிருக்கீங்க?"

"ஓடைக் கரையில அண்ணே, கொஞ்சம் பள்ளம்."

"மேல நின்னு இழுக்கிறீங்களா, கீழ நின்னா?"

மேலே நின்றுதான் இழுக்கிறேன், கீழே நிற்க இடமில்லை என்றேன். இது வரைக்கும் எந்தக் கடையிலும் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. துவாரத்தின் ஒரு பக்கத்தை என் விரலை வைத்துத் தடவச் சொன்னார். கயிறு அறுத்து அறுத்து அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கைப்பிடி ஒரு பக்கம் பார்க்க, நான் வேறு பக்கம் இழுத்ததால் வந்தது. பழைய கயிறு அறுந்ததற்கும் அதுதான் காரணம். கயிற்றை மாற்றித் தந்த கடையில் அந்தத் துவாரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எமரி பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டு, விளிம்பு வழுவழு என்று ஆகும் வரைக்கும் தேய்த்தார். அதற்குப் பத்து நிமிடம் எடுத்தார்.

பிறகு தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மூடியை ஒரு சாக்குக்குள் வைத்துத் திறந்தார். உடைந்த ஸ்பிரிங்கிலும் விசை மிச்சம் இருக்கும், கவனமில்லாமல் கயிறு சுற்றியிருக்கும் கப்பியைத் தூக்கினால் பாம்பு போல் வெளியே பாயும் என்றார். அவருடைய இடது கையில் மணிக்கட்டிலிருந்து பெருவிரல் வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கிறது. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைத் திறக்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்.

என் எஞ்சினில் ஸ்பிரிங் கப்பிக்குள்தான் இருக்கிறது. வெளிநுனிக் கொக்கி கப்பியின் வெட்டில் மாட்டும், உள்நுனிக் கொக்கி மூடியின் நடுவில் உள்ள நாக்கில் மாட்டும். கயிற்றை இழுத்தால் கப்பி சுற்றும், ஸ்பிரிங் இறுகும். கையை விட்டால் ஸ்பிரிங் கப்பியைத் திருப்பிச் சுற்றிக் கயிற்றை உள்ளே எடுத்துக்கொள்ளும். இவ்வளவுதான் அதன் வேலை. எஞ்சினைச் சுற்றுவது நம் கைதான், ஸ்பிரிங் அல்ல. ஆகவே ஸ்பிரிங்கை இறுக்கி வைப்பதால் எஞ்சின் சுலபமாக ஸ்டாட் ஆகப் போவதில்லை. கயிறு முழுதும் உள்ளே போன பிறகும் கைப்பிடி தொங்காமல் நிற்பதற்காக, பூட்டும்போதே கப்பியை இரண்டு சுற்று, மிஞ்சினால் மூன்று சுற்று முறுக்கி வைப்பார்கள். என் ஸ்டாட்டரில் அதற்கு மேலேயே முறுக்கியிருக்கிறார்கள் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். உடைந்த துண்டைக் காட்டினார். வெளிக்கொக்கி நிமிர்ந்து, அதற்குப் பிறகுதான் முறிந்திருந்தது. கயிறு முழுதாக வெளியே வருவதற்கு முன்னாலேயே ஸ்பிரிங் இறுகி முடிந்துவிட்டால், நாம் இழுக்கிற இழுப்பு முழுதும் அந்தக் கொக்கியில்தான் விழும். ஒவ்வொரு காலையும் நான் பலமாக இழுத்து இழுத்து அதை உடைத்திருக்கிறேன்.

ஸ்பிரிங் நடுவில் முறிந்திருந்தால் வீசத்தான் வேண்டும். நுனி போனால் காப்பாற்றலாம். கேஸ் டோர்ச்சைப் பற்றவைத்து நுனியில் ஒரு அங்குலத்தை மட்டும் சிவக்கச் சுட்டு, தானாக ஆற விட்டார். சுடாமல் வளைத்தால் அந்த இரும்பு பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிடும். அதற்காக நிறையச் சுட்டால் அந்தப் பகுதி விறைப்பை இழந்து சும்மா கம்பியாகிவிடும். ஆகவே சூடு உள்ளே ஏறாமல் இருக்க, நுனிக்கு அடுத்த பகுதியைக் குறட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறியதும் திரும்பக் கொஞ்சம் சூடு காட்டிப் புதுக் கொக்கி வளைத்தார்.

அடுத்தது சுற்றுவது. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த ஸ்பிரிங், நீட்டினால் ஆள் உயரத்தைத் தாண்டும். கப்பியை மடியில் ஒரு ரப்பர் துண்டின் மேல் வைத்து, வெளிக்கொக்கியை மாட்டி, வெளிச்சுற்றிலிருந்து உள்ளே உள்ளே என்று இடது பெருவிரலால் அமுக்கிப் பிடித்தபடி ஒவ்வொரு சுற்றாக உள்ளே விட்டார். ஒரு சுற்று போனதும் பெருவிரல் நகரும், மற்ற விரல்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவசரமே இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் வந்து புல் வெட்டும் மெஷினுக்கு பிளக் இருக்கிறதா என்று கேட்டார். இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கடைசிச் சுற்று உள்ளே போய் உள்கொக்கி தன் இடத்தில் வந்து நின்ற பிறகுதான் "என்ன வேணும்?" என்று கேட்டார். அம்மா முறுக்குப் பிழியும்போது கை ஒரே வேகத்தில் சுற்றும் பாருங்கள், எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்களாம். திசை மாறினால் கயிற்றை இழுக்கும்போது ஸ்பிரிங் இறுகாமல் அவிழும். யாராவது வீட்டில் திறக்கத்தான் போகிறீர்கள் என்றால், திறந்ததும் கை வைக்காமல் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது அவர் சொன்ன புத்தி.

கிரீஸ் கொஞ்சம்தான் பூசினார். நிறையப் பூசினால் தூசியும் செம்மண்ணும் ஒட்டிக் களியாகி, நல்ல ஸ்பிரிங்கையே ஓட விடாமல் பிடித்துக்கொள்ளும். கயிறு வர மறுக்கிறது என்று அவரிடம் வருகிற ஸ்டாட்டர்களில் நிறையவற்றுக்கு வியாதி இந்தக் களிதானாம், கழுவினாலே சரியாகிவிடுமாம். நீலக் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பின்னல் போட்ட நைலோன் கயிறு போட்டு, நுனியை லைட்டரில் உருக்கி முடிச்சிட்டார். பிளாஸ்டிக் கயிறு உரசி உரசிச் சூடேறி இளகிப்போகும் என்றார்.

பூட்டிய பிறகு செய்த சோதனையை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, கப்பியை விரலால் அதே பக்கம் இன்னும் தள்ளிப் பார்த்தார். அரைச் சுற்றாவது போக வேண்டும். போகாவிட்டால் முறுக்கு அதிகம். பிறகு கயிற்றை மெதுவாக உள்ளே விட்டார். கைப்பிடி வந்து மூடியில் அடங்கி உட்கார்ந்தது. அடிக்கவில்லை, தொங்கவும் இல்லை. புதுக் கயிறு மாற்றி எடுக்கும்போது இந்த இரண்டையும் நீங்களே கடையில் வைத்துப் பாருங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி கடைசியில் அவர் சொன்ன ஒன்று. அந்த மூன்று போல்ட்டும் ஒரே இடைவெளியில் இருப்பதால், மூடியை ஒரு ஓட்டை தள்ளிப் பூட்டலாம், அப்போது கைப்பிடி வேறு பக்கம் பார்க்கும், நீங்கள் நிற்கும் பக்கமே பார்க்கும்படி வைத்துப் பூட்டுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து அப்படியே பூட்டினேன். நான்கு வருடமாகத் தோளைத் திருப்பிக் கோணலாக இழுத்த கயிறு, அன்றைக்கு நேராக வந்தது. இழுக்கும் முறையையும் காட்டினார்: முதலில் மெதுவாக இழுத்து, கனம் தட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். எஞ்சின் பிடித்ததும் கைப்பிடியைக் கைவிடாமல் கூடவே கொண்டுபோய் விட வேண்டும். வலது தோளில் எனக்கு இருந்த நோவு இப்போது இல்லை.

கூலி 900 ரூபா, கயிற்றுக்கு 250. சுட்டு வளைத்த கொக்கி புதுசு போல உழைக்கும் என்று சொல்ல முடியாது, போகும் வரைக்கும் போகும் என்று காசு வாங்கும் முன்னரே சொல்லிவிட்டார். ஒரு வருடம் தாண்டிவிட்டது. பனிக்காலம் ஒன்று முழுதாகப் போனது. இன்னும் அதே கொக்கிதான்.

2022இல் டொலர் இல்லாமல் சாமான் வராத நேரத்தில்தான் இந்த வேலைக்கு ஆட்கள் அதிகம் வரத் தொடங்கினார்களாம். அதற்கு முன்னால் முழு ஸ்டாட்டரையும் மாற்றிவிட்டுப் பழையதை எறிந்துவிடுவார்களாம். கம்பியில் தொங்கும் மூடிகள் அப்போது சேர்த்தவை. கவ்வும் பல், சின்ன ஸ்பிரிங், நடுத் திருகு எல்லாம் அதிலிருந்துதான் எடுத்துப் போடுகிறார்.

குறைகளும் உண்டு, சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும்போது போன் எடுக்க மாட்டார். எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டால் பதில் வராது. எனக்கு ஒன்றரை மணி நேரம் போனது, உட்கார ஒரு வாங்குகூட இல்லை. ஒரு பக்கம் திறந்த கடை என்பதால் சாரல் அடித்தால் வாடிக்கையாளர் நனைய வேண்டியதுதான். பில் கேட்டால் அட்டைத் துண்டில் எழுதித் தருவார். போயா தினத்தில் கடை இல்லை. சின்னப் புல் வெட்டும் மெஷின்களில் வரும் மலிவான பிளாஸ்டிக் ஸ்டாட்டர்களை அவர் எடுப்பதும் இல்லை. அந்தத் தம்பியின் மெஷினைக் கொண்டுபோனபோது, கப்பியின் வெட்டே தேய்ந்துவிட்டது, இதில் ஸ்பிரிங் நிற்காது, புதுசு வாங்குங்கள் என்று காசு வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கிக்கொண்டு ஏதோ செய்து கொடுத்திருந்தால் ஒரு வாரம் ஓடியிருக்கும்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், பகல் பஸ்ஸில் திரும்பிவிடலாம். மூடியோடு உடைந்த துண்டையும் பழைய கயிற்றையும் மறக்காமல் கொண்டுபோங்கள். அவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.