கழுத்து எக்ஸ்ரேயில் எலும்பை எண்ணிப் பாருங்கள்

ஸ்பீட் பிரேக்கரில் பைக் தூக்கிப் போட்டு என் தம்பி தலைகுப்புற விழுந்தான். தானே எழுந்து நடந்து வந்தான், அதை நம்பித்தான் ஏமாந்தோம். பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் பக்கவாட்டில் ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு "எலும்பெல்லாம் நல்லா இருக்கு, வெறும் சுளுக்கு" என்றார்கள். ஒரு ஊசி, ஒரு காலர், 3,200 ரூபாய் பில்.

கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. வலது நடுவிரல் மரத்துப்போய், கையை ஊன்றி எழப் பார்த்தால் முழங்கை மடங்கிவிடும். மூன்றாம் நாள் போய்ச் சொன்னோம். டாக்டர் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "பயத்துல அப்படித்தான் இருக்கும்" என்று இன்னும் ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதினார். இதற்கிடையில் மாமா சுளுக்கு வழிக்கிறவரைத் தேடிப் போனார். நல்லவேளை, அந்த ஆள் ஊரில் இல்லை. கழுத்தில் கை வைத்துத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது.

ஒன்பதாம் நாள் அரசு மருத்துவமனை. அங்கே ஒரு இளம் டாக்டர் அம்மா பழைய பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பேனா முனையால் எண்ணினார். ஆறோடு நின்றது. கழுத்தில் 7 எலும்பு. ஏழாவது தோள்பட்டை நிழலுக்குள் இருந்தது. தோளைக் கீழே இழுத்துப் பிடித்தோ ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியோ எடுக்க வேண்டும், அப்போதும் தெரியவில்லை என்றால் சி.டி. எடுத்தே ஆக வேண்டுமாம். சி.டி.யில் ஆறாவது எலும்பு ஏழாவதின் மேல் கால்வாசி முன்னால் நகர்ந்து, அந்த இரண்டு எலும்பையும் பின்பக்கம் இணைக்கிற மூட்டு ஒரு பக்கம் மட்டும் விலகி மாட்டிக்கொண்டிருந்தது. பாதி அளவு நகர்ந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் விலகியிருக்கும், தண்டுவடம் தப்புவது கஷ்டம் என்றார்.

அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு, மண்டையில் இடுக்கி மாட்டி, அவன் விழித்திருக்கும்போதே எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் "கால் விரலை ஆட்டு" என்று பார்த்துப் பார்த்து இழுத்தார்கள். நாளாகிவிட்டதால் எலும்பு இடத்துக்கு வரவில்லை. ஆபரேஷன் செய்து பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். நடுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது.

கழுத்தில் அடிபட்டவரை ஆட்டாமல் அசைக்காமல் 108-க்குச் சொல்லுங்கள். கை மரத்தாலோ பலம் குறைந்தாலோ, எக்ஸ்ரே நார்மல் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் பிலிமை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "பிலிம்ல தெரியாததை நாங்க எப்படிச் சார் சொல்றது?" என்றார்கள்.