விலை கூடினால் மென்மை கூடாது: முதன்முறையாக ரெட் ஒயின் வாங்குவோர் கவனத்திற்கு

எங்கள் பத்தாவது திருமண நாளுக்காக, பெங்களூரில் ஒரு பெரிய மதுக்கடையில் ரெட் ஒயின் வாங்கி ஏமாந்தேன். நானும் மனைவியும் அதுவரை ஒயின் அருந்தியதில்லை என்பதையும், கசக்காமல் மென்மையாக இறங்கும் ஒன்றுதான் வேண்டும் என்பதையும் விற்பனையாளரிடம் தெளிவாகவே சொன்னேன். அவர், தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் விளக்கின் கீழ் நிறுத்தி வைத்திருந்த ஒரு பாட்டிலை எடுத்து, "விலை கூடக்கூட ஸ்மூத்தாக இருக்கும் சார், இதற்கு மேல் கிடையாது" என்றார். விலை 3,400 ரூபாய். கையில் வாங்கியபோது பாட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

வீட்டில் மிளகுக் கோழி வறுவலுடன் திறந்தோம். முதல் மிடறிலேயே, நறுக்கி மோரில் போடாத வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல் நாக்கு வறண்டு, ஈறுகள் இழுத்துக்கொண்டன. மிளகின் காரமும் இரண்டு மடங்காக எரிந்தது. மனைவி அதற்குமேல் தொடவில்லை. குளிர்ந்தால் சரியாகும் என்று ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தபோது இன்னும் மோசமானது. மறுநாள் கடையில் முறையிட்டதற்கு, "ரெட் ஒயின் என்றால் அப்படித்தான், பழகிவிடும்" என்ற பதிலே கிடைத்தது.

அது உண்மையல்ல என்பதை, பிறகு நந்தி மலைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் சுவைத்துப் பார்க்கச் சென்றபோது அறிந்தேன். எனக்கு விற்கப்பட்டது பிரான்சின் மெடாக் பகுதியில், கேபர்னே சாவிஞான் திராட்சை மிகுதியாகச் சேர்த்துச் செய்த, இன்னும் முதிராத ஒயின். அந்தத் திராட்சையின் தடித்த தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின் என்னும் துவர்ப்புப் பொருள், உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பைப் போக்கிவிடுகிறது. நான் கசப்பு என்று நினைத்ததில் பெரும்பகுதி துவர்ப்பு. அறுசுவையில் இரண்டையும் தனித்தனியே எண்ணும் நாம் கடையிலும் "துவர்ப்பு வேண்டாம், டானின் குறைந்தது கொடுங்கள்" என்று பிரித்தே கேட்க வேண்டும். அத்தகைய ஒயினுக்கு விலை கூடுவது பெரும்பாலும் பல ஆண்டுகள் வைத்திருந்து அருந்தத் தக்கது என்பதற்காகவே தவிர, இன்றே மென்மையாக இருக்கும் என்பதற்காக அல்ல. குளிர்ச்சி டானினின் கடுமையைத் தூக்கிக் காட்டும் என்பதையும், காரத்தின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும் என்பதையும் அங்கேதான் சொன்னார்கள்.

ஆகவே, விற்பனையாளரின் பேச்சை விட்டுவிட்டுத் திராட்சையின் பெயரைக் கேளுங்கள். பினோ நுவார், பூஜொலே ஒயினுக்குரிய காமே ஆகியவை துவர்ப்புக் குறைந்தவை. மெர்லோ சற்றுக் கனமானது, எனினும் பெரும்பாலும் மென்மையானது. நிறம் வெளிறியிருப்பதைக் கண்டு நம்பிவிடாதீர்கள். இத்தாலியின் பரோலோ என்னும் ஒயின் வெளிறித் தோன்றினாலும் டானின் மிகுந்தது. "ட்ரை" என்றால் இனிப்பில்லை என்றுதான் பொருள், கசப்பு என்றல்ல. தக்கை மூடியிட்ட பாட்டில்களை வெப்பமும் வெளிச்சமும் படாமல் படுக்கவைத்திருக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில், குளிரூட்டிய உள்ளறையிலிருந்து ஒரு பூஜொலே வாங்கினேன்; விலையும் குறைவு, மனைவி விரும்பி அருந்தினார். சென்ற வாரம் பழைய கடை வழியாகப் போனபோது, அதே அலமாரியில், அதே விளக்கின் கீழ், அதே ஒயினில் இன்னும் மூன்று பாட்டில்கள் நின்றுகொண்டிருந்தன.