குளிர்காலத்தில் முட்டைக் கோழிகளுக்கு எது உகந்தது: குச்சித் தீவனமா, வீட்டுக் கலவையா?

இரண்டு குளிர்காலங்களில் இரண்டையும் கொடுத்துப் பார்த்த பிறகு, கொல்லையில் உள்ள எங்கள் ஆறு கோழிகளுக்கும் ஆலையில் தயாராகும் முட்டைக் கோழித் தீவனத்தையே, அதிலும் குச்சி வடிவில் வருவதையே, அடிப்படை உணவாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கலவையின் நன்மைகள் பலரும் அறிந்தவை: தானியம் புதிதாக இருக்கும், என்ன சேர்கிறது என்பதும் நமக்குத் தெரியும். முதல் ஆண்டு மக்காச்சோளம், கோதுமை, சோயாப் புண்ணாக்கு, கிளிஞ்சல் தூள், தாது உப்புக் கலவை என அளந்துதான் கலந்தேன். ஆனால் கோழிகள் பொறுக்கித் தின்றன. மாலையில் தொட்டியில் சோளமும் கோதுமையும் தீர்ந்து, அடியில் சாம்பல் நிற மாவு மட்டும் படிந்திருக்கும். புண்ணாக்கும் கிளிஞ்சலும் அந்த மாவில்தான் இருந்தன. மற்ற காலங்களில் புழு பூச்சிகளையும் பசுந்தழையையும் மேய்ந்து குறையை ஓரளவு சரிக்கட்டும் கோழிக்குக் குளிரில் அந்த வழியும் அடைபடுகிறது. உடற்சூட்டைக் காக்கக் கூடுதல் எரிசக்தி தேவைப்படுவதால் அது இன்னும் அதிகமாகத் தின்கிறது. ஒரு நாள் காலை கூட்டில் கைவிட்டபோது, விரல் பட்டதுமே ஒரு முட்டை அமுங்கியது. ஓடே உருவாகாத தோல்முட்டை அது.

குச்சித் தீவனத்தில் ஒவ்வொரு துண்டிலும் எல்லாச் சத்தும் சேர்ந்தே இருப்பதால் பொறுக்குவதற்கு இடமில்லை. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றே. ஆயினும் அதன் மேல் தானியத்தைத் தாராளமாகத் தூவினால் இதே கேடு திரும்பி வரும். சுமார் 16 சதவீதப் புரதமும் 4 சதவீதக் கால்சியமும் உள்ள தீவனத்தை நாளொன்றுக்கு 120 கிராம் தின்னும் கோழிக்கு 19 கிராம் புரதமும் 4.8 கிராம் கால்சியமும் கிடைக்கின்றன. அதில் 40 கிராமுக்குப் பதில் மக்காச்சோளம் போனால் புரதம் 16 கிராமாகவும் கால்சியம் 3.2 கிராமாகவும் இறங்கிவிடும். ஒரு முட்டையோட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். தின்பதில் பாதியளவே உடலில் சேர்வதால், அந்த 3.2 கிராம் போதாமல் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே மாலையில் கூட்டில் அடைவதற்கு முன் ஒரு கோழிக்கு 10 கிராம் அளவு சோளம், அதற்கு மேல் இல்லை. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறேன். தூளைவிடப் பெரிய துண்டுகள் வயிற்றில் தங்கி இரவு முழுவதும் மெல்லக் கரைகின்றன.

வெளிச்சம் குறைந்ததாலோ இறகு உதிர்வதாலோ முட்டை நின்றிருந்தால், தீவனத்தை மாற்றி மட்டும் அதை மீட்க முடியாது. தண்ணீர் உறைந்தாலும் அவ்வாறே. தண்ணீர் கிடைக்காத கோழி தீவனத்தையும் குறைத்துக்கொள்ளும்.

என் கோழிகள் அதிகம் முட்டையிடும் கலப்பினங்கள். குறைவாக இடும் நாட்டு இனங்களை நான் வளர்த்ததில்லை. அவற்றின் தேவை குறைவு என்பதால் கலவையே போதலாம். அப்படிக் கலப்பவர்கள் தானியத்தை உடைத்து, மாவு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வெந்நீர் தெளித்துப் பிசைந்து, உறைவதற்குள் தின்று முடிக்கும் அளவே வைப்பது நல்லது.