பிரஷ் கட்டரில் கரி: மருந்தா, நெருப்பா, மூங்கில் குச்சியா?

எங்கள் தென்னந்தோப்பில் ஓடுவது ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், அதாவது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி ஓட்டும் புல்வெட்டும் மெஷின். மூன்றாவது சீசனில் ஒரு கோளாறு வந்தது. கயிறு இழுத்தால் உடனே கிளம்பும், ஐடிலில் ஒழுங்காக நிற்கும், ஆனால் கோரையில் பிளேடை வைத்து முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் மூச்சு வாங்கும். பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டரைக் கழுவினேன். ஒன்றும் நடக்கவில்லை. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், தீப்பொறியைத் தடுக்க வைத்திருக்கும் சின்னக் கம்பிவலையில் ஓட்டையே தெரியவில்லை. அதற்குப் பின்னால் புகை வெளியேறும் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வாய், அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி கரி படிந்து பாதி மூடிக் கிடந்தது.

இதைச் சரிசெய்ய மூன்று வழி சொல்வார்கள். பெட்ரோலில் கலக்கும் மருந்து, நெருப்பு அல்லது காஸ்டிக் சோடா, கையால் சுரண்டுவது. மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துபார்த்துவிட்டு நான் சுரண்டுகிற கட்சிக்கு வந்துவிட்டேன்.

நெருப்பு நமக்குப் பழகின வித்தை. யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஓட்டின தலைமுறைக்குச் சைலன்சரைச் சுட்டுத் தட்டிக் கரி உதிர்ப்பது தெரியாமல் இருக்காது. கம்பிவலைக்கு இன்றும் அதுதான் சுலபம்: குறடில் பிடித்து அடுப்பில் சிவக்கக் காட்டி, ஆறவிட்டுத் தட்டினால் கரி சாம்பலாகக் கொட்டிவிடும். சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் வைத்த மாடல் என்றால் பெட்டியைச் சுட வேண்டாம். காஸ்டிக் சோடா இரும்புக்கு மட்டும்தான். அலுமினியத்தில் பட்டால் நுரைத்துக்கொண்டு உலோகத்தையே தின்னும், ஹைட்ரஜன் வாயுவும் வரும். சிலிண்டர், பிஸ்டன் இரண்டும் அலுமினியம் என்பதால் அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆக, நெருப்பும் சோடாவும் கழற்றி எடுத்த பாகத்துக்குத்தான். அடைத்துக் கிடக்கிற வாய்க்கு இரண்டும் உதவாது.

மருந்து சோம்பேறிக்கு வசதி. ஊற்றினோமா, வேலைக்குப் போனோமா என்று இருக்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே எக்ஸாஸ்ட் வழியாக வெளியே போகும். அதனால் மருந்து அந்த வாய்க்கு எட்டவே எட்டாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காய்ந்து கல்லாகிப்போன கரியை அது கரைத்து நான் பார்க்கவில்லை. நான் ஊற்றியது ஒரே ஒரு பாட்டில்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் முடிவுக்குக் காரணம் வேலை நேரமோ காசோ இல்லை. பெயர்ந்த கரி எங்கே போகிறது என்ற ஒரே கேள்விதான். மருந்து ஊற்றினால் கரி இன்ஜின் ஓடும்போது, எப்போது பெயரும் என்று தெரியாமல் பெயரும். தூளாகப் போனால் சரி. ஒரு பொருக்கு பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் கோடு விழும். கோடு விழுந்த சுவரில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே சேரும் அழுத்தம், நிற்காது, அப்புறம் சிலிண்டர் செட்டே மாற்ற வேண்டியதுதான். கையால் சுரண்டும்போது கரி போகிற வழியை நாம் தீர்மானிக்கிறோம்.

இன்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு, சைலன்சரை எடுத்து, ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்துப் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது பிஸ்டனின் பக்கச்சுவரே எக்ஸாஸ்ட் வாய்க்குக் கதவாக நிற்கும். மெஷினைச் சாய்த்து வாய் தரையைப் பார்க்க வைத்தால் சுரண்டுவது எல்லாம் கீழே விரித்த பேப்பரில் விழும். ஸ்குரூடிரைவரைத் தொடாதீர்கள். வாயின் விளிம்பில் ஒரு பிசிர் எழும்பினால், போகும்போதும் வரும்போதும் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதில் உரசும். நான் மூங்கில் சில்லை உளி மாதிரி சீவி வைத்திருக்கிறேன். மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். முடித்ததும் ஊதித் துடைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி நாலைந்து தடவை கயிறு இழுத்தால் தப்பி உள்ளே போன தூசியும் வந்துவிடும். சைலன்சருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் கிழியும், முன்பே ஒன்று வாங்கி வையுங்கள்.

இதில் மருந்து தராத இன்னொன்றும் கிடைக்கிறது. சுரண்டி முடித்தபின் பிஸ்டனைக் கீழே இறக்கி, வாய் வழியாக டார்ச் அடித்தால் சிலிண்டர் சுவர் தெரியும். பிஸ்டனின் பக்கத்தையும் ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம். மேலிருந்து கீழாகக் கோடுகள் இருந்தால் பிரச்சினை கரியோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

சுரண்டலுக்கும் எல்லை உண்டு. ரிங் பள்ளத்தில் கரி இறுகி ரிங் ஒட்டிக்கொண்டிருந்தால் மூங்கில் எட்டாது. பெரும்பாலான பிரஷ் கட்டர்களில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் தனியாக இல்லாததால் சிலிண்டரையே தூக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். ஃபோர் ஸ்ட்ரோக் மெஷினில் கரி வால்வில் படியும், அங்கே இந்த வித்தை செல்லாது. பக்கத்துத் தோப்பில் ஓடும் அப்படி ஒரு மெஷினை வேடிக்கை பார்த்ததோடு சரி, அதற்கு மருந்து நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கரி ஏன் இவ்வளவு சேர்ந்தது என்பதும் சைலன்சர் கழற்றிய அன்றுதான் தெரிந்தது. எங்கள் மெஷினுக்குப் பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் அளவு 50:1, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்). வெட்டுகிற தம்பி குத்துமதிப்பாக ஊற்றி அதை இரட்டிப்பாக்கியிருக்கிறார். கேட்டதற்கு, "சேத்தி ஊத்துனா இன்ஜினுக்கு நல்லதுதானுங்கண்ணா" என்றார். அதோடு பெட்ரோல் மிச்சம் என்று பாதி ஆக்சிலேட்டரிலேயே நாள் முழுக்க ஓட்டுவது வேறு. இப்போது மெடிக்கலில் வாங்கிய 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று ஆயில் டப்பாவின் கைப்பிடியில் நூல் கட்டித் தொங்குகிறது.