ஃப்ளோரிடாவில் வீடு வாங்குகிறவர்களே, சிங்க்ஹோல் விஷயத்தில் ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்

டாம்பா பக்கம், அதிலும் பாஸ்கோ, ஹெர்னாண்டோ, ஹில்ஸ்பரோ கவுண்டிகளில் வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள்.

வீடு வாங்கும்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் நான் முதலில் கேட்டதே சிங்க்ஹோல் (அடியிலுள்ள பாறை கரைந்து நிலம் உள்ளே இறங்குவது) பற்றித்தான். "சட்டப்படி எல்லா பாலிசியிலும் அது வந்துவிடும், கவலையே வேண்டாம்" என்று அடித்துச் சொன்னார். இந்த வருஷம் ஹால் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல் இறங்கியது. ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) நாணயம் தாராளமாக உள்ளே போகும். படுக்கையறைக் கதவு சாத்த வரவில்லை. க்ளெய்ம் போட்டால், நிலம் இடிந்து விழவில்லை, வீட்டைக் காலி செய்யும்படி அரசு உத்தரவும் இல்லை, எனவே பணம் தர முடியாது என்று கடிதம் வந்தது.

பாலிசியில் இருந்தது 'கேட்டஸ்ட்ராஃபிக் கிரவுண்ட் கவர் கொலாப்ஸ்'. ஃப்ளோரிடா சட்டம் கட்டாயமாக்குவது இதை மட்டும்தான். நிலம் திடீரென்று சரிய வேண்டும், பள்ளம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும், அஸ்திவாரம் உட்பட கட்டடம் சேதமாக வேண்டும், குடியிருக்கத் தகுதியில்லை என்று அரசு அறிவித்து வெளியேறச் சொல்ல வேண்டும். நான்கில் ஒன்று குறைந்தாலும் ஒரு காசு கிடைக்காது. 2013-ல் டாம்பா அருகே செஃப்னரில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரைப் படுக்கையறையோடு நிலம் விழுங்கியதே, அப்படிப்பட்ட சம்பவத்துக்கானது இது. ஆனால் இங்கே அடியிலிருப்பது சுண்ணாம்புக்கல். அது கரைந்து, மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கி, வருஷக்கணக்கில் சுவர் விரிசல் விடுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அதற்கு இந்தக் கவரேஜ் உதவாது.

உண்மையான சிங்க்ஹோல் கவரேஜ் தனி. 2007-ல் சட்டம் மாறியதிலிருந்து கூடுதல் பிரீமியம் கட்டி, நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்கும் முன் கம்பெனி வீட்டைப் பரிசோதிக்கலாம். விரிசல் விட்ட என் வீட்டுக்கு இனி யார் கொடுப்பார்கள்? சுவர் நன்றாக இருக்கும்போதே கேளுங்கள்.

டிடக்டிபிளையும் பாருங்கள். பெரும்பாலும் 10 சதவீதம் போடுகிறார்கள். 4 லட்சம் டாலருக்கு வீடு இன்சூர் ஆகியிருந்தால் முதல் 40,000 நம் கையிலிருந்து போகும். நீச்சல்குளம், டிரைவ்வே போன்றவற்றை விட்டுவிட்டு வீட்டுக் கட்டடத்துக்கு மட்டும் கவரேஜைச் சுருக்கவும் கம்பெனிக்குச் சட்டம் இடம் தருகிறது.

2011-ல் இன்னும் இறுக்கினார்கள். வெறும் விரிசல் போதாது, தரையோ அஸ்திவாரமோ கட்டட விதிகள் அனுமதிக்கும் அளவைத் தாண்டி நகர்ந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி 'கட்டமைப்புச் சேதம்' என்பதற்கே வரையறை வைத்தார்கள். சேதம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் க்ளெய்ம் கொடுக்கவில்லை என்றால் உரிமையே போய்விடும். சிங்க்ஹோல் கவரேஜ் இருந்தும் கம்பெனி மறுத்தால் 'நியூட்ரல் இவாலுவேஷன்' (நடுநிலை நிபுணரின் மதிப்பீடு) கேளுங்கள், அதன் செலவு கம்பெனியுடையது.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு: முன்பு சிங்க்ஹோல் க்ளெய்ம் பணம் வாங்கியிருந்தால், அதையும், முழுப் பணத்தையும் ரிப்பேருக்குச் செலவழித்தார்களா என்பதையும் விற்பவர் சொல்லியாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

ஏஜென்ட் மீது மாநில நிதிச் சேவைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் அவர், என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. நீங்கள் இன்றைக்கே பாலிசியின் டிக்ளரேஷன் பக்கத்தை (என்னென்ன கவரேஜ் என்று சுருக்கமாகச் சொல்லும் பக்கம்) எடுத்துப் பாருங்கள். 'சிங்க்ஹோல் லாஸ்' என்று தனி வரி இல்லையென்றால் ஏஜென்ட்டுக்கு ஈமெயிலில் கேளுங்கள், பதிலையும் ஈமெயிலிலேயே வாங்குங்கள்.