துவாஸில் நான்கு வருடம்: எச்.எம்.ஐ. புரோகிராமிங் கற்ற அனுபவம்

சிங்கப்பூரின் தொழிற்பேட்டைப் பகுதியான துவாஸில் பராமரிப்பு டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மெஷினை ஆபரேட்டர் தொட்டு இயக்கும் திரைக்கு எச்.எம்.ஐ. என்று பெயர். அதற்கு புரோகிராம் எழுதக் கற்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இதில் இறங்க நினைக்கும் தம்பிகள் முதலில் கேட்பது "எந்த சாஃப்ட்வேர் அண்ணே?" என்பதைத்தான். சரி, அங்கிருந்தே வருகிறேன்.

வெளிநாட்டு ஊழியருக்கான எஸ் பாஸில் இருப்பதால், குடிமக்கள் பயிற்சி பெற சிங்கப்பூர் அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை எனக்குக் கிடையாது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் வெயின்டெக் நிறுவனத்தின் ஈஸிபில்டர் ப்ரோ சாஃப்ட்வேரில் தொடங்கினேன். திரைப் பேனலும், மெஷினைக் கட்டுப்படுத்தும் கணினியான பி.எல்.சி.யும் இல்லாமலே ஆஃப்லைன் சிமுலேஷனில் பக்கங்களைத் தட்டிப் பார்க்கலாம். கணினியிலிருந்து நிஜ பி.எல்.சி.யோடு இணைத்து ஓட்டினால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். மறுபடி ஓட்டிக்கொள்ளலாம், பழகுவதற்கு அது போதும். இதே வேலைக்கான சீமென்ஸின் டியா போர்ட்டல் சாஃப்ட்வேருக்குச் சோதனை உரிமம் 21 நாள்தான். அடிப்படை புரிந்த பிறகு, லீவு நாட்களைப் பார்த்து அதைத் தொடங்குங்கள். நான் சீமென்ஸின் பழைய கேடிபி700 பேசிக் பேனல் ஒன்றை வாங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள சிம் லிம் டவரில் 24 வோல்ட் பவர் சப்ளை தேடிப் பிடித்து, அறையிலேயே வைத்துப் பழகினேன். ஏழு அங்குலத் திரை, கீழே எட்டு ஃபங்ஷன் கீ. அதில் ஸ்கிரிப்ட் எழுத முடியாது, கணக்கையெல்லாம் பி.எல்.சி.யில்தான் போட வேண்டும். பழகுகிறவருக்கு அது நல்லதே. திரை காட்டவும் கட்டளை வாங்கவும் மட்டும்தான், முடிவெடுப்பது பி.எல்.சி. என்பது மனதில் ஆழமாகப் பதிந்துவிடும்.

டேக் (திரையையும் பி.எல்.சி.யையும் இணைக்கும் மதிப்பின் பெயர்), பட்டன், பக்கம் மாற்றுவது எல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிட்டன. மீதி வருடங்கள் திரைக்கு முன்னால் நிற்கும் மனிதரைப் புரிந்துகொள்ளவே போயின.

நான் எழுதிய முதல் திரையில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் லெவல் சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை சிக்னல் தரும். 4 என்றால் காலி, 20 என்றால் நிறைவு. சிக்னல் 4-க்குக் கீழே போய் மைனஸ் எண் வந்தால் அசிங்கமாக இருக்கும் என்று, பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாகவே காட்டும்படி எழுதியிருந்தேன். ஒரு நைட் ஷிஃப்டில் சென்சார் ஒயர் அறுந்து சிக்னல் நின்றுபோனது. திரையில் அழகாக 0 சதவீதம். தொட்டி வறண்டுவிட்டது என்று ஆபரேட்டர் அண்ணன் மேனுவலில் தண்ணீர் நிரப்பும் பம்பைப் போட்டார். உண்மையில் முக்கால் தொட்டிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டரின் சர்க்யூட்டில் நேரடியாக ஒயர் செய்திருந்த, தண்ணீரில் மிதக்கும் ஃப்ளோட் சுவிட்ச்தான் வழிவதற்குள் நிறுத்தியது. அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. பொய் சொன்னது என் திரை.

இப்போது சிக்னல் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் எண்ணையே மறைத்துவிடுகிறேன். அந்த இடத்தில் கோடுகளும் "சென்சார் பழுது" என்ற அலாரமும் வரும், பம்பும் ஓடாது. எமர்ஜென்சி ஸ்டாப்பைத் திரையில் மட்டும் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே சம்பவத்தைத்தான் சொல்வேன். கூடவே கூடாது. அது தனி ஒயரில், தனி பட்டனில் இருக்க வேண்டும்.

அப்புறம் நிறம். ஓடும் மோட்டாருக்குப் பச்சை, நின்றதற்குச் சிவப்பு என்று வைத்தேன். ஊரில் துணைமின் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவர் அதைத் தலைகீழாகப் படித்தார். அங்கே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பிரேக்கரின் பேனலில் சிவப்பு விளக்கு என்றால் ஆன், பச்சை என்றால் ஆஃப். அவர் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. இப்போது பின்னணி சாம்பல், மோட்டார் வெளிர் நிறம், பக்கத்திலேயே ரன் அல்லது ஸ்டாப் என்ற எழுத்து. பளிச்சென்ற நிறம் கோளாறுக்கு மட்டும்.

அலாரத்தில் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். பி.எல்.சி.யில் கிடைத்த ஆன்-ஆஃப் பிட்டுக்கெல்லாம் ஓர் அலாரம் வைத்தேன். ஒருமுறை மின்சாரம் கண் சிமிட்டியதும் பக்கம் பக்கமாக நிறைந்து, முதலில் எது போனது என்றே தெரியவில்லை. ஆபரேட்டர் எழுந்து போய் எதையாவது செய்ய வேண்டியிருந்தால்தான் அது அலாரம். மற்றதையெல்லாம் தனிப் பதிவுப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டேன்.

இப்போதெல்லாம் வரைவதற்கு முன் ஒரு இரவாவது ஆபரேட்டர் பக்கத்தில் நிற்கிறேன். எதை அடிக்கடி பார்க்கிறார், கையுறையோடு தட்டும்போது எந்த பட்டன் தவறுகிறது என்று குறித்துக்கொள்வேன். தொட்டிப் பக்கத்தைத் திருத்திக் காட்டியபோது, அன்று பம்பைப் போட்ட அதே அண்ணன் எட்ட நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, அந்த நம்பரை மட்டும் இன்னும் பெருசா போடு. ராத்திரியில கண்ணாடி லாக்கர்லயே இருக்கும்." அன்றே இரண்டு மடங்காக்கினேன்.